கனெக்‌ஷன் வண்டி காத்திருக்காது!

“கனெக்‌ஷன் வண்டின்னா காத்திருக்கும்டா. மெயின் வண்டி லேட்டுன்னா பத்து நிமிஷம் பிடிச்சு வைப்போம்.”

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு அப்பா இதைச் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வயது 73. தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பாரிஸில் தங்கை வீடு. மறுநாள் காலை அவள் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானம், அங்கிருந்து கடலுக்கு அடியில் யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது அப்பாதான். “பாம்பன்ல கடலுக்கு மேல எத்தனையோ தடவை போயாச்சு. ஒரு தடவை அடியிலயும் போயிடுவோம்” என்றார். அதற்காக ஆளுக்கு இரண்டு விசா எடுத்தோம். பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

விமானம் காலை 11 மணிக்கு இறங்க வேண்டும். ரயில் மாலை 3.30-க்கு. நடுவில் நாலரை மணி நேரம். ‘சாப்பிட்டு, ஊரையும் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போகலாம்’ என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால், விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். பாஸ்போர்ட் வரிசையில் இன்னும் ஒரு மணி நேரம் போனது. எங்கள் முதல் பெட்டி கண்ணில் பட்டபோது மணி 2.15.

அப்போதுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை புரிந்தது. ஹீத்ரோவிலிருந்து செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்குப் பிக்காடில்லி சுரங்க ரயிலில் போகவே ஒரு மணி நேரம் ஆகும். இந்த ரயிலில் நம் ஊர்போல கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏற முடியாது. கிளம்புவதற்கு 30 நிமிடம் முன்பே நுழைவாயிலை மூடிவிடுவார்கள். ஆக, 2 மணிக்கே நாங்கள் ஹீத்ரோவை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

விமானத்துக்கு ஒரு டிக்கெட், ரயிலுக்கு வேறொரு டிக்கெட். இரண்டுக்கும் நடுவில் எது நடந்தாலும் அது நம் பொறுப்புதான்.

ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் முன்புவரை வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று என் டிக்கெட்டில் ஒரு விதி இருந்தது. மீதமிருந்தது 15 நிமிடம். விமான நிலைய வைஃபையில் செயலியைத் திறந்து மாலை 6 மணி வாக்கில் ஒரு ரயிலைப் பிடித்தேன். விலை வித்தியாசத்தைக் கட்டப் போனால், ஓ.டி.பி. கேட்டது! என் எண்ணுக்கு ரோமிங் போடாமல் வந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் தங்கையை அழைத்தேன். முன்பதிவு எண்ணை நான் சொல்லச் சொல்ல, அவள் பாரிஸில் உட்கார்ந்தபடியே தன் கார்டில் பணத்தைக் கட்டி முடித்தாள். மணி 2.26.

“இப்போ மூச்சு விடு” என்றார் அப்பா.

செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் இரும்பு வளைவுக் கூரை 1868-ல் கட்டப்பட்டது. அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் சோதனைக்கு நின்ற கீழ்த்தளம் ஒரு காலத்தில் பீர் பீப்பாய்களை அடுக்கி வைத்த கிடங்காம். அங்கே பிரான்ஸ் நாட்டு போலீஸார் அமர்ந்திருக்கிறார்கள். லண்டனிலேயே பிரான்ஸுக்குள் நுழையும் சோதனையை முடித்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் நேராக வெளியே போகலாம். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருப்பதால், முதல் முறை போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

பெட்டிகளை இங்கே எடை போடுவதில்லை. ஊறுகாய், பொடி எல்லாம் பத்திரமாக வந்தன. ஆனால் பிரிட்டனிலிருந்து பிரான்ஸுக்கு இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை என்பதால், நெய்யைச் சென்னையிலேயே விட்டுவிட்டோம்.

ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்வரை போகிறது. 1994-ல் திறக்கப்பட்ட சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். உள்ளே போனதும் வேகத்தை 160-க்குக் குறைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் இருட்டு. “மீன் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அப்பா தானே சிரித்துக்கொண்டார்.

அந்த இருட்டில் அவருக்கு போட் மெயில் ஞாபகம் வந்துவிட்டது. “எழும்பூர்ல ஒரே டிக்கெட். தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கேயிருந்து தலைமன்னாருக்குக் கப்பலு, மறுபடி ரயிலேறி கொழும்பு. டிக்கெட் ஒண்ணா இருந்ததால பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பும் அவங்களோடது” என்றார். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த கதையை அவருடைய சீனியர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். சில விமான நிறுவனங்கள் விமானத்தையும் ரயிலையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகத் தருகின்றன. பாரிஸ் சார்ல் த கோல், ஃபிராங்பர்ட் போன்ற விமான நிலையங்களிலேயே அதிவேக ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து எல்லை தாண்டி பிரஸ்ஸல்ஸ்வரை போகலாம். முதியவர்களோடு போகிறவர்கள் முதலில் இந்த வசதியைத் தேடுங்கள். தனித்தனி டிக்கெட்தான் என்றால், நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய ரயில் டிக்கெட்டை வாங்குங்கள். வங்கி எண்ணுக்கு ரோமிங் போட மறக்காதீர்கள்.

பாரிஸில் மணி ஒன்று கூடுதல். இரவு 9.20-க்கு கார் து நோர் நிலையத்தில் இறங்கினோம். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷாப்பெல். ஈழத் தமிழர்களின் கடைகளில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. சூடான தோசை சாப்பிட்டோம்.

மறுநாள் காலை குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் அப்பாவின் பாக்கெட் டைரி மேஜையில் திறந்து கிடந்தது. பழக்கதோஷம், ஸ்டேஷன் ரெஜிஸ்டர் போலவே எழுதியிருந்தார்: ‘பாரிஸ் வந்து சேர்ந்தது 21.20. தாமதம் இரண்டரை மணி. காரணம்: மகன் போட்ட கணக்கு.’