மண்ணைச் சோதித்தேன்... என்னைச் சோதிக்கவில்லை!

இரண்டு மாதங்களுக்கு முன்பு, நெல் வயல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். நடவு முடிந்து மூன்று வாரம். இலையில் பழுப்புப் புள்ளிகள், துத்தநாகக் குறைபாடு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்ததும், அந்த விவசாயி சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

''சார், பயிருக்கு நுண்ணூட்டம் போடச் சொல்றீங்க. எனக்கு ஆறு மாசமா ஒரே அசதி. மெடிக்கல்ல இதைக் கொடுத்தாங்க. இரும்புச்சத்தும் வைட்டமினும் இருக்காம். தினமும் ஒண்ணு போட்டுக்கலாமா?'' என்றார்.

நாற்பது வயது இருக்கும். நான் மருத்துவன் இல்லை. ஆனாலும், அந்தக் கேள்வியை அப்படியே கடந்துபோக முடியவில்லை. காரணம், அந்த அட்டைகளால் நான் பட்ட பாடு.

2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் எல்லோரையும்போல நானும் துத்தநாக மாத்திரையும் வைட்டமின் சி மாத்திரையும் சாப்பிட ஆரம்பித்தேன். கொரோனா போனது, பழக்கம் போகவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் மூட்டுவலிக்குக் கால்சியம் சேர்ந்தது. நண்பர் சொன்னார் என்று மல்டி வைட்டமின். நாள் முழுக்க பைக்கில் கிராமம் கிராமமாகச் சுற்றிய களைப்புக்கு பி-காம்ப்ளெக்ஸ். காலை டிபன் முடிந்தால் ஒரு கைப்பிடி மாத்திரை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். 'சத்து ஏறுகிறது' என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், அது உடம்புக்கு வேண்டாத பி-2 வெளியே போகும் நிறம். வயலில் போட்ட யூரியா மடை வழியாக ஓடுவதைப்போலத்தான்.

பிறகு, பாதத்தில் மதமதப்பு ஆரம்பித்தது. எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அதற்கும் கடையிலேயே கேட்டு, 'நரம்புக்கு நல்லது' என்று இன்னொரு மாத்திரை வாங்கினேன். மதமதப்பு கூடியதே தவிர, குறையவில்லை.

ஒருநாள் வயல் ஆய்வு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். ''என்னங்க... தரையெல்லாம் ரத்தமா இருக்கு?'' என்று மனைவி பதறினார். குனிந்து பார்த்தால், குதிகாலில் கருவேல முள். வரப்பில் எங்கேயோ ஏறியிருக்கிறது. அதோடு பைக் ஓட்டி, படியேறி வந்திருக்கிறேன். வலியே தெரியவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் கால் விரலை எடுத்ததும் இப்படி உணராமல் போன ஒரு சின்னக் காயத்தால்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். சர்க்கரையும் சரி, பி-12 அளவும் சரி. ''நீங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும் கொண்டு வாங்க'' என்றார். மனைவி ஒரு மஞ்சப்பை நிறைய எடுத்து வந்தார். மருத்துவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்துக் காகிதத்தில் கூட்டினார். மூன்று அட்டைகளில் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி-6 இருந்தது. மொத்தம் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குப் பக்கம். தேவையோ 2 முதல் 3 மில்லிகிராம்தான்.

''பி-6 குறைஞ்சாலும் நரம்பு கெடும், மிஞ்சினாலும் கெடும். இதுதான் காரணமா இருக்கணும்'' என்றவர், ''என்ன வேலை பார்க்கறீங்க?'' என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, ''மண்ணைப் பரிசோதிக்காம உரம் போடச் சொல்வீங்களா சார்?'' என்றார். என்னிடம் பதில் இல்லை.

கல்லூரியில் முதல் வருடமே படித்த பாடம் இது. லீபிக் சொன்ன குறைந்தபட்ச விதி. எந்தச் சத்து குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. போரான் கொஞ்சம் குறைந்தாலும் பயிர் கெடும், கொஞ்சம் மிஞ்சினாலும் இலை கருகும். மணிச்சத்தை அளவுக்கு மேல் போட்டால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது. உடம்பிலும் இதே கணக்குதான். துத்தநாகத்தை நீண்ட நாள் அதிகமாகச் சாப்பிட்டால் தாமிரச்சத்து குறையும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது. டீயோடு சாப்பிட்டாலும் அப்படித்தான்.

எல்லா மாத்திரைகளையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். மதமதப்பு மெதுவாகக் குறைய எட்டு மாதம் ஆனது. இடது கால் சுண்டு விரலில் இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அதற்காக மாத்திரையே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பி-12 சத்து முட்டை, பால், மீன், இறைச்சியில்தான் கிடைக்கும். இவற்றைச் சாப்பிடாதவர்களுக்கும், சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அது குறையலாம். அவர்களுக்கு மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். ஆனால், ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். வைட்டமின் டி-யில் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என்றுதான் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இன்னொன்றும் அந்த மருத்துவர் சொன்னார். பெண்களைப்போல ஆண்களுக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு கிடையாது. அதனால், ஓர் ஆணுக்கு ரத்தம் குறைந்தால் டானிக் குடித்துச் சமாளிக்கக் கூடாது, எங்கே போகிறது என்று தேட வேண்டும். மூலம், வயிற்றுப்புண், குடலில் கட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் அன்று வரப்பில் நின்றபடியே அந்த விவசாயியிடம் சொன்னேன். ''மாத்திரை அப்புறம். முதல்ல அரசு ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பாருங்க. டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க'' என்றேன். தயங்கித் தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. ''சார், ரத்தம் எட்டு பாயின்ட்தான் இருக்காம். ஒரு வருஷமா மூலத்துல ரத்தம் போகுது. வெட்கப்பட்டு வீட்டுல கூடச் சொல்லலை. வைத்தியம் ஆரம்பிச்சிட்டாங்க. இரும்பு மாத்திரை இப்போ டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்'' என்றார்.

''டீயோட போட்டுக்காதீங்க'' என்றேன்.

''சரி சார்'' என்றவர், ''நெல்லுல புதுத்தூர் பச்சையா வருது, வந்து பாருங்க'' என்றார். அடுத்த வாரம் போகவேண்டும். இந்த முறை செருப்போடுதான்.