கடல்கடந்து வந்த குழல்

மன்னார்த் தீவிலே, நகரை அண்டி அமைந்த கடற்கரைக் கிராமங்களுள் ஒன்று கீரி. காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாலை வேளைகளில், கரையேற்றப்பட்ட வள்ளங்களின் நிழலிலிருந்து சில நாட்களில் ஒரு குழலோசை எழும். ஊதுபவன் ஒரு மீனவரின் மகன். பல்கலைக்கழகமொன்றிலே கலைப்பீடத்தில் பயில்பவன். விடுமுறைக்கு ஊர் வந்திருப்பவன். அவன் கையிலுள்ளது அவனுடைய பாட்டனார் கோயில் பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதிவந்த பழைய சாக்ஸபோன். அதன் பித்தளை உப்புக் காற்றிற் கறுத்துவிட்டது; சாவிகள் சிலவற்றை இறப்பர்ப் பட்டிகளே தாங்கி நிற்கின்றன.

அவ்விடுமுறையில் அந்த வாத்தியத்தின் விதி வீட்டிலே விவாதத்திற்கு உள்ளாயிற்று. தந்தையின் வள்ளத்து இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் கடந்திருந்தது. குழலை விற்றாற் கிடைக்கும் பணம் திருத்தச் செலவிற் பாதிக்காவது உதவும். "கடலுக்கும் போகிறாய், படிப்பும் படிக்கிறாய், இதையும் ஊதுகிறாய். ஒன்றைப் பிடி தம்பி, அதுவும் நமக்குரிய ஒன்றைப் பிடி" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் கூற்றில் இரு குற்றச்சாட்டுகள் அடங்கியிருந்தன. ஒன்று, பலவற்றில் கால்வைப்பவன் எதிலும் நிலைபெறான் என்பது. மற்றையது, சாக்ஸபோன் நம்முடைய வாத்தியமன்று என்பது. இவ்விரண்டையும் எடைபோடுவதற்கு அவ்விளைஞனுக்குத் துணைநின்றது வேறொரு கடற்கரையிலே பிறந்த கலைஞர் ஒருவரின் வரலாறாகும்.

சாக்ஸபோனைப் படைத்த அடொல்ப் சாக்ஸ் பெல்ஜிய நாட்டின் தினான் நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்தவர். தாம் படைத்த வாத்தியத்துக்கு 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றவர். பித்தளைக் கருவிகளின் முழக்கத்தையும் மரக்குழல்களின் நெகிழ்வையும் ஒன்றிலே பொருத்துவதே அவரது நோக்கம். உடல் பித்தளையாயினும் நாதம் பிறப்பது வாய்முனையிற் பொருத்தப்படும் ஒற்றை நாணற் பட்டையிலேயே. ஆதலின் இசையியலார் அதனை மரக்குழல் இனத்திலேயே சேர்ப்பர். படைத்தவர் வழக்குகளாலும் கடனாலும் நொந்து 1894இல் மறைந்தார். இராணுவ வாத்தியக் குழுக்களிலே இடம்பெற்ற அக்குழலுக்குப் புதிய உயிர் அளித்தோர் அமெரிக்காவின் கறுப்பின மக்களாவர். அடிமை வாழ்வின் துயரையும் தேவாலயப் பாடலின் உருக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டு எழுந்த ஜாஸ் இசையிலே, கோல்மன் ஹோக்கின்ஸ், சார்லி பார்க்கர், ஜோன் கோல்ட்ரேன் ஆகியோரின் கைகளில் அது மனிதக் குரலாகவே மாறிற்று. பிறிதொருவர் செய்த கருவியைத் தமதாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதை உலகுக்கு முதலிற் காட்டியவர்கள் அவர்களே எனலாம்.

ஜாஸ் கலைஞர் இந்திய இசையை நாடியமையும் தற்செயலானதன்று. எழுதி வைத்ததை ஒப்புவிப்பதிலும் பார்க்க, மேடையிலேயே கற்பனையை விரிப்பதே ஜாஸின் உயிர்நாடி. நமது இராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அத்தகையனவே. கோல்ட்ரேன் 1961இல் ஒலிப்பதிவு செய்த ஓர் உருப்படிக்கு 'இந்தியா' என்றே பெயரிட்டார். தம் மகனுக்கு ரவி சங்கரின் பெயரைச் சூட்டினார். டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலே 1933இல் பிறந்த ஜோன் ஹாண்டியோ இன்னும் ஒருபடி முன்சென்றார். சார்ல்ஸ் மிங்கஸின் குழுவில் ஊதியவர். பின்னர் தமது குழுவை அமைத்து 1965ஆம் ஆண்டு மொன்டரே விழாவிலே புகழீட்டியவர். வாத்தியக் குழுவுக்கெனப் பேரிசைக் கோவை இயற்றியவர். பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். இத்தகையவர் 1975இல் சரோட் மேதை அலி அக்பர் கானுடன் இணைந்து ஒலித்தட்டொன்றைப் பதிவுசெய்தார். பலதுறை நாட்டம் அவருடைய ஆற்றலைச் சிதறடிக்கவில்லை.

இதே ஹாண்டி 1980ஆம் ஆண்டு பம்பாயில் நிகழ்ந்த ஜாஸ் விழாவிலே ஓர் இளைஞரின் வாசிப்பைக் கேட்டு வியந்து, அவருடன் இணைந்து வாசிக்க விரும்பினார். அவ்விளைஞரே கத்ரி கோபால்நாத். 1949ஆம் ஆண்டு தென் கன்னட மாவட்டத்தின் பண்ட்வால் பகுதியிற் பிறந்த அவருடைய தந்தையார் தனியப்பா ஒரு நாதஸ்வர வித்துவான். மகனும் முதலில் நாதஸ்வரமே பயின்றார். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிலே சாக்ஸபோனின் ஓசையைச் செவியுற்ற நாள்முதல் அவருடைய நாட்டம் அதன்பாற் சென்றது. ஆயின் அக்குழலிற் கர்நாடக இசையைக் கொணர்தல் எளிதாயிருக்கவில்லை. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று அக்கலையை அவர் கைவரப்பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இவ்விருபது ஆண்டுகளின் பொருளை உணர்வதற்குக் குழலின் அமைப்பை நோக்குதல் வேண்டும். நாதஸ்வரத்தின் துளைகளை விரல்களே மூடுகின்றன. துளையைச் சிறிது திறந்தும், சீவாளியில் இதழின் அழுத்தத்தை மாற்றியும் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிச் செல்லலாம். கமகம் அவ்வாறு பிறக்கின்றது. சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே சாவி நிற்கின்றது. அது துளையை மூடும் அல்லது திறக்கும்; பாதி திறத்தல் அதன் இயல்பன்று. சுரங்களும் மேலைத்தேயச் சமப்பகுப்பு முறைக்கேற்ப வகுக்கப்பட்டவை. எனவே தோடியின் அசைவையும் சகானாவின் நெகிழ்வையும் உதட்டாலும் தாடையாலும் மூச்சாலுமே உருவாக்கவேண்டியதாயிற்று. கோபால்நாத் தம் தேவைக்கேற்பக் கருவியிலே சில மாற்றங்களையும் செய்துகொண்டார். எனினும், கருவியை மாற்றியதிலும் பார்க்கத் தம் உடலை மாற்றிக்கொண்டதே பெரிது. கருவி அந்நியமானது, அதனுள் அவர் செலுத்திய மூச்சோ தந்தையின் நாதஸ்வரத்திலிருந்து வந்தது.

அடித்தளம் உறுதியானபின் அவர் எத்திசையிலும் செல்லத் தயங்கவில்லை. பேர்லின், பிராக் முதலிய நகரங்களின் ஜாஸ் விழாக்களில் வாசித்தார். 1994ஆம் ஆண்டு இலண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்திலே பிபிசியின் புரொமனேட் கச்சேரியில் வாசிக்க அழைக்கப்பட்டார். கர்நாடக இசைக் கலைஞர் ஒருவருக்கு அவ்வழைப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் கே. பாலசந்தரின் 'டூயட்' திரைப்படத்திலே ஏ. ஆர். ரகுமானின் இசையில் அவருடைய குழல் ஒலித்தது. இராகம் இராகமாக வாசித்துக் காட்டியும் நிறைவுறாத இசையமைப்பாளரைக் கல்யாணவசந்தமே இறுதியில் கவர்ந்தது என அவர் கூறியதுண்டு. சபாக்களின் வாயிலை மிதித்திராத பாமர இரசிகரும் அப்படத்தின் வாயிலாக அக்குழலை இனங்கண்டனர். வயலின் மேதை ஏ. கன்யாகுமரியுடன் அவர் இணைந்த கச்சேரிகள் மரபுவழி இரசிகரின் மதிப்பைப் பெற்றன. 2004இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

அவருடைய பன்முக வாழ்வின் கனிந்த பயன் 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டு. அமெரிக்காவில் வளர்ந்த, இந்திய வழிவந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பா அதில் அவருடன் இணைந்தார். மாணவராயிருந்த காலத்திலே சகோதரர் விளையாட்டாகக் கொடுத்த கோபால்நாத்தின் இசைத்தட்டொன்றே மகாந்தப்பாவை இவ்வழிக்கு ஆற்றுப்படுத்திற்று. ஜாஸிலிருந்து இராகத்தை நோக்கி ஒருவரும், இராகத்திலிருந்து ஜாஸை நோக்கி மற்றொருவரும் நடந்து இடைவழியிற் சந்தித்தனர். தத்தம் வேரை இருவரும் கைவிடாமையே அச்சந்திப்பைப் பொருளுடையதாக்கிற்று.

ஆயினும், புகழுரையோடு அமைதல் நேர்மையாகாது. கோபால்நாத்தின் வெற்றிக்குப்பின் கருநாடகத்திலும் தமிழகத்திலும் திருமண வீடுகள் பலவற்றிலே நாதஸ்வரம் இருந்த இடத்திற் சாக்ஸபோன் வந்து அமர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரத்தையே நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது இழப்பே. வாசலில் நின்று ஊதவேண்டியவராகப் பன்னெடுங்காலம் கருதப்பட்ட நாதஸ்வரக் கலைஞரின் மகன், பித்தளைக் குழலோடு சபா மேடையில் அமர்ந்து மதிக்கப்பட்டார் என்பதில் ஒரு வெற்றியும் உண்டு. ஒரு சமூகக் குற்றமும் உண்டு. குற்றம் குழலினுடையதன்று. வயலினும் ஒருகாலத்தில் அந்நியக் கருவியே. பாலுசுவாமி தீட்சிதர் வழியாக வந்து, இன்று அதுவின்றிக் கச்சேரியே இல்லை என்னுமளவுக்கு நிலைபெற்றது. கிளாரினெற்றை ஏ. கே. சி. நடராஜனும், மண்டலினை யு. ஸ்ரீநிவாசும் அவ்வாறே நமதாக்கினர். எனவே, ஒரு கருவி யாருடையது என்பதை அது பிறந்த ஊர் முடிவுசெய்வதில்லை. அதனூடாக எவருடைய துயரும் மகிழ்வும் ஒலிக்கின்றன என்பதே முடிவுசெய்கின்றது.

இந்த அளவுகோலை மன்னாருக்குப் பொருத்திப் பார்ப்பின், பெரியவரின் இரண்டாம் குற்றச்சாட்டு தானே தளர்கின்றது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரிற் கோட்டை அமைத்தனர். அவர்தம் காலத்திலே தழைத்த சமயம் இன்று மண்ணின் சமயம்; நாட்டுக்கூத்தும் வாசாப்பும் அச்சமயத்தின் கதைகளையே நம் இராகங்களிற் பாடுகின்றன. திருநாட் பவனியிலும் இறுதி ஊர்வலத்திலும் பாண்ட் வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு அக்குழல் எவ்வாறு அந்நியமாகும்?

முதலாம் குற்றச்சாட்டு அத்துணை எளிதில் அகல்வதன்று. கோபால்நாத்துக்கும் ஹாண்டிக்கும் பலதுறை ஈடுபாடு கலையின் விரிவு. கீரியிலோ அது வயிற்றின் கட்டளை. கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் கூலி வேலை, திருநாட் காலத்தில் வாத்தியம், அடங்கிய நாட்களில் வலை என்று வாழ்வோர் விரும்பியா பலவற்றைப் பிடிக்கின்றனர்? ஒன்றைப் பிடி என்னும் அறிவுரை, ஒன்றே சோறு தரும் வாழ்வு வாய்த்தோருக்குரியது. கோபால்நாத்தின் வாழ்வு இவ்விளைஞனுக்கு உணர்த்தியது வேறொன்று: எத்தனை கிளை பரப்பினும், வேர் எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

தன் வேர் எதுவென அவன் தேடினான். கர்நாடக இசையை அவன் முறையாகக் கற்றவனல்லன். ஜாஸையும் இசைத்தட்டிற் கேட்டதன்றி அறியான். ஆனால் தவக்காலத்திலே பாட்டி பாடிய வியாகுலப் புலம்பல்கள் அவன் செவியில் இருந்தன. ஒரு மாலை, வள்ளத்தருகே அமர்ந்து அப்புலம்பலின் மெட்டைக் குழலில் ஊதினான். சாவிகள் ஒத்துழைக்க மறுத்த இடங்களில் உதட்டை நெகிழ்த்தி, மூச்சை அடக்கி, அவ்விழைவை வரவழைக்க முயன்றான். பலமுறை பிசகிற்று. ஒருமுறை மட்டும் பாட்டியின் குரல் தழுதழுக்கும் அதே இடத்திற் குழலும் தழுதழுத்தது.

வலை திருத்திக்கொண்டிருந்த தந்தையின் கை நின்றது. "அம்மா பாடினமாதிரி இருக்கு" என்றார். மீண்டும் வலையிற் குனிந்தார்.

மறுநாள் இயந்திரத்தைத் திருத்த அவர் கடன் வாங்கினார். குழல் விற்கப்படவில்லை; ஆனால் கடன் வளர்ந்தது. விடுமுறை முடியும்வரை மகன் நாள்தோறும் தந்தையோடு கடலுக்குச் சென்றான். வலையிழுத்துக் காய்த்த விரல்கள் மாலையிற் சாவிகளைத் தேடின.

கத்ரி கோபால்நாத் 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் மங்களூரில் மறைந்தார். அவர் திறந்த வழி மேடைகளில் மட்டும் தொடர்கின்றது என எண்ணுதல் பொருந்தாது. கறுத்த பித்தளையும் தேய்ந்த நாணற் பட்டையும் கொண்டு, கடனுக்கும் கடலுக்கும் இடையே, தன் பாட்டியின் ஒரு புலம்பலைச் சரியாக ஊதிவிட முயலும் கீரி இளைஞனிடத்தும் அது தொடர்கின்றது. அவனுக்கு எத்தனை ஆண்டுகள் தேவைப்படும் என எவரும் கூறவியலாது. கோபால்நாத்துக்கு இருபது தேவைப்பட்டன.