மூச்சுப்பாதைக்குக் காற்றே முட்டு

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால், 10 நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோகும் நிலை உறக்க மூச்சுத்தடை எனப்படுகிறது. 2022 பிப்ரவரியில் மும்பையில் மறைந்த இசையமைப்பாளர் பப்பி லஹரியின் மரணத்திற்கு மருத்துவர்கள் குறிப்பிட்ட காரணமும் இதுவே. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் உருவாக்கிய சிபேப் கருவி, முகமூடி வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தி, அந்த அழுத்தத்தாலேயே பாதையைத் திறந்து வைக்கிறது (அதை ஆக்சிஜன் தரும் கருவி என்று பலர் எண்ணுவது பிழை). சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊரில் இச்சிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஒருவர் முகமூடியின் அளவோடு மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டியவராகிறார். மின்சாரம் நின்றால் காற்றும் நின்றுவிடுமாதலால், இன்வெர்ட்டரைக் கருவியின் ஓர் உறுப்பாகவே கொள்வது மிகையன்று. கருவியோடு இணைந்த ஈரப்பதமூட்டியில் ஊற்றும் நீரும் காய்ச்சி வடித்ததாக இருத்தல் வேண்டும், ஏனெனில் போர்வெல் நீரின் உப்பு தொட்டியில் படியும். பகலில் விழித்திருந்தபடியே சிறிது நேரம் முகமூடியை அணிந்து பழகுவது முதல் இரவின் திணறலைத் தணிக்கும்.