ஆண்டு மட்டும் பொய்

தாபோடியில் குடியேறிய நாள்தொட்டு நமக்குப் பழநாணயங்களில் ஒரு மோகம். சில ஆண்டுகளுக்கு முன், புணே நகரில் பழம்பொருள் விற்பார் ஒருவரிடம், 1939 எனப் பொறித்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் ஒன்றைக் கண்டோம். கிடைத்தற்கரியது அது! ஒரு மாதச் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டு ரயிலேறினோம். (மனையாளிடம் பாதி விலைதான் சொன்னோம்.)

அன்றிரவு, பாட்டியார் விட்டுச்சென்ற 1942-ஆம் ஆண்டு ரூபாயின் அருகே அதனை வைத்துப் பார்த்தோம். நெஞ்சம் திடுக்கிட்டது. இரண்டின் விளிம்பும் ஒன்றே! பன்னிரண்டில் பதினொரு பங்காயிருந்த வெள்ளி, 1940-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. அப்போது, கள்ள நாணயம் செய்வாரைத் தடுக்கவென்று விளிம்பின் நடுவே பள்ளம் வெட்டினர். 1939-இன் விளிம்பிலோ வெறும் வரிகளே இருத்தல் வேண்டும். தராசு உதவாது, இரண்டும் 11.66 கிராமே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், ஈற்று இலக்கங்களைச் சுற்றிச் சுரண்டிய வடு. மன்னர் மெய், வெள்ளியும் மெய். ஆண்டு மட்டும் பொய்.

மறுவாரம் தாபோடி நிலையத்தில் அன்பர் ஒருவர், நாம் கொடுத்த விலைக்கே அதனை வாங்கிக்கொள்வதாகக் கூறினார். ஒரு கணம் தயங்கினோம், மறைப்பானேன்? பின்னர் விளிம்பைத் திருப்பி அவரிடம் காட்டினோம்.