செம்மண் கன்றும் களிமண் கொல்லையும்

கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. முன்னதன் தலவிருட்சம் பாதிரி. பின்னதன் தலவிருட்சம் தில்லை. பாதிரி நீர் தங்காத மேட்டு நிலத்துக் காட்டு மரம். தில்லையோ கடல்நீர் ஏறி இறங்கும் உவர்ச் சேற்றில் வேரூன்றி நிற்பது. ஒரே மாவட்டம், ஒரே கடற்கரை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் ஒரே வடகிழக்குப் பருவமழை என்று இருந்தும், மண் மாறிய மாத்திரத்தில் மரத்தின் விதியும் மாறிவிடுகிறது என்பதை நம் முன்னோர் கோயிலுக்குக் கோயில் வெவ்வேறு மரத்தை வைத்துப் போற்றிய வழக்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் வீட்டுக் கொல்லையில் ஒரு கன்றை நடப் புகும்போது இந்த எளிய உண்மையை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

சிதம்பரத்தில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், பண்ருட்டிப் பலாவின் ருசியில் மனம் பறிகொடுத்து, அங்கிருந்தே ஓர் ஒட்டுக் கன்றை வாங்கி வந்து மிக்க ஆசையோடு நட்டார். கோடை முழுவதும் தளதளவென்று இருந்த கன்று, கார்த்திகை மழையில் கொல்லையில் நீர் தேங்கிய சில நாட்களுக்குள் இலை பழுத்து, தண்டு கறுத்து, மாண்டுபோயிற்று. நாற்றங்கால்காரர் நோயுள்ள கன்றைத் தலையில் கட்டிவிட்டார் என்பது நண்பருடைய அபிப்பிராயம். அது நியாயமான குற்றச்சாட்டுத்தானா என்று அறியும் ஆவலும், ஒட்டுக் கட்டும் தொழிலை நேரில் காண வேண்டுமென்று நெடுநாளாக இருந்த விருப்பமும் சேர்ந்து என்னைக் கடலூருக்கு மேற்கே அழைத்துச் சென்றன.

கடலூரிலிருந்து திருவந்திபுரம், பாலூர் வழியாகப் பண்ருட்டி செல்லும் சாலையில் கெடிலம் ஆற்றின் பசுமை கூடவே வருகிறது. ஆற்றங்கரையை விட்டு மேட்டு நிலத்தில் ஏறியதும் பூமியின் நிறமே வேறு. கேப்பர் மலையிலும் பண்ருட்டியைச் சுற்றிய கிராமங்களிலும் காணப்படும் அந்தச் செம்மண், எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டு மறுநாளே நடக்க இடம் கொடுக்கும் இயல்புடையது. முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் இப்பிரதேசத்தில் செழித்தது தற்செயலன்று. பலா மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளைத் தாயகமாகக் கொண்டது. முந்திரியோ பிரேசிலில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்தது. சரிவில் பிறந்த மரமும், கடலோரத்து மணற்பாங்கான பூமியில் பிறந்த மரமும், நீர் நில்லாத இந்த மண்ணைக் கண்டதும் சொந்த ஊருக்கு வந்துவிட்டதாகவே எண்ணியிருக்க வேண்டும்.

நான் சென்ற நாற்றங்கால் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி, பச்சை நிழல்வலைப் பந்தலின் கீழ் இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரும் அவரைவிட இளைய பெண்கள் சிலரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து முந்திரிக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே, கறுப்புப் பைகளில், கொட்டை முளைத்து ஒன்றரை மாதம் ஆன நாட்டுக் கன்றுகள். அந்தக் கொட்டைகளைக்கூட நீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளிவிட்டு, மூழ்கியவற்றை மட்டும் எடுத்து, காம்புப் பக்கம் மேலே பார்க்கும்படி ஊன்றுகிறார்கள் என்று அறிந்தேன். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த குச்சிகள், நன்றாகக் காய்க்கும் ஒரு தாய்மரத்திலிருந்து அன்று விடியற்காலையில் அறுத்துக்கொண்டு வந்தவை. வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே மரத்தில் ஏறி, அந்தக் கிளை நுனிகளின் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கிவிட்டு வருவார்களாம். பிறகு அந்தக் காம்பைத் தொட்டதும் அது தானே உதிர்ந்தால் குச்சி பக்குவமாகிவிட்டது என்று பொருள். இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

அம்மையார் ஒரு கன்றைத் தம் முன்னே இழுத்துக்கொண்டார். அடியில் இரண்டு ஜோடி இலைகளை விட்டுவிட்டு, ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தலையைச் சீவினார். மென்மையான அந்தத் தண்டின் நடுவே இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கத்தியை இறக்கிப் பிளந்தார். பென்சில் பருமனுள்ள குச்சியின் அடியை இருபுறமும் ஒரே இழுப்பில் ஆப்புப்போலச் சீவி, பிளவுக்குள் செருகி, ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை நேராகப் பொருந்துகிறதா என்று கட்டைவிரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, ஈரம் போகாமலிருக்க மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தொப்பியாகக் கவிழ்த்தார். இவ்வளவும் நான் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் நடந்துவிட்டது. சீவிய முகம் காற்றில் உலரத் தொடங்கினால் ஒட்டுப் பிடிக்காது. ஆகையால் அந்த வேகம் கைத்திறமையின் பகட்டன்று, தொழிலின் நிர்ப்பந்தம்.

இரண்டு மூன்று வாரத்தில் குச்சி துளிர்த்தால் தொப்பியை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கன்று விற்பனைக்குப் பக்குவமாகச் சில மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களில் செய்யும் வேலைதான் என்னை மிகவும் கவர்ந்தது. பைகளை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் வேர் பையைத் துளைத்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும். வாங்குகிறவர் பையைத் தூக்கும்போது அந்த வேர் அறுந்து, வீடு போய்ச் சேருவதற்குள் கன்று வாடிவிடும். அதனால் அவ்வப்போது ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றி, எட்டிப் பார்க்கும் வேரைக் கிள்ளிவிடுகிறார்கள். பிறகு நிழலிலிருந்து அரை நிழலுக்கும், அங்கிருந்து வெயிலுக்குமாகப் படிப்படியாக நகர்த்துகிறார்கள். வாங்க வருகிறவர்களோ பந்தலின் உள்ளே கரும்பச்சையாக நிற்கும் கன்றையே கேட்கிறார்களாம். வெயிலில் நின்று இலை சற்று வெளிறிய கன்றுதான் சித்திரை வெயிலைத் தாங்கும் என்று சொன்னால் நம்புவோர் சிலரே.

பலாவுக்கும் ஏறத்தாழ இதே முறைதான். ஆனால் பலாக்கொட்டை உலர்ந்துவிட்டால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த சுருக்கில் ஊன்ற வேண்டும். பலாவுக்கு ஒட்டுக் கட்டுவது இன்று நேற்று வந்த வித்தையுமன்று. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருஹத் சம்ஹிதையின் விருக்ஷாயுர்வேத அத்தியாயத்திலேயே, ஒட்டுக்கு ஏற்ற மரங்களின் வரிசையில் பலா இடம்பெற்றிருக்கிறது. நம் காலத்தில் அந்த வித்தைக்குத் துணை நிற்பவை ஆராய்ச்சி நிலையங்கள். 1905-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாலூர் நிலையத்தார், பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்துத் தோப்பொன்றில் நின்ற தனி மரம் ஒன்றின் குணங்களைக் கண்டு, அதிலிருந்தே பாலூர்-1 என்ற பலா இரகத்தைத் தேர்ந்தெடுத்தனர். முந்திரியில் விருத்தாசலம் நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 இரகம் பெயர் பெற்றது. கொட்டை போட்டு முளைத்த பலா தாயைப்போல இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது; ஒட்டுக் கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டு வரும். உள்ளூர்த் தோப்பில் உள்ளூர்க் காற்றையும் மழையையும் தாங்கி நின்ற மரம் தாயாக வாய்ப்பதைவிடத் தோட்டக்காரனுக்கு வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?

நான் நண்பரின் கன்றைப் பற்றிக் கூறியதும் அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவரு ஊரு என்ன மண்ணு சார்?”

“சிதம்பரம், அம்மா. களிமண்.”

“தண்ணி நிக்குமா?”

“மழைக்காலத்தில் நான்கைந்து நாள் நிற்குமாம்.”

“அப்புறம் எப்படி சார் பொழைக்கும்? பலாவுக்குக் காலடியில தண்ணி நிக்கக் கூடாது. களிதான்னா மேடு கட்டி, மேட்டு மேலதான் வைக்கணும். கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. யாரு எங்கள வந்து கேக்குறாங்க?”

கடைசியாக அவர் சொன்னது என் மனத்தில் தைத்துவிட்டது. விற்பனை நடப்பது வாசலில். அறிவு இருப்பது பந்தலின் உள்ளே. ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குக் கூலி ஒட்டு எண்ணிக்கைப்படி; துளிர்க்காத ஒட்டுக்குக் கணக்கில்லை. மேகம் மூடிய ஈரமான நாட்களில் பிடிக்கும் ஒட்டுகள் அனல் காற்று வீசும் நாட்களில் பிடிப்பதில்லை. அந்த நஷ்டம் இந்தப் பெண்களின் கூலியிலிருந்தே போகிறது. விவசாயப் படிப்புப் படித்தவருக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்கையாவது இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயல், தலைமுறை தலைமுறையாக வளர்த்த முந்திரியையும் பலாவையும் ஏக்கர் ஏக்கராகச் சாய்த்துவிட்டுப் போனது. அதைப் பற்றிப் பேசும்போது பந்தலில் இருந்த எல்லோருடைய குரலும் தாழ்ந்துவிட்டது. அதன் பிறகு இம்மாவட்டத்தின் நிலங்களை மறுபடி பசுமையாக்கியதில் இத்தகைய நாற்றங்கால்களின் பங்கு பெரிது. புயல் வரும் கரையில் மரம் வளர்ப்பவர் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டுமென்று அங்கே சொன்னார்கள். பைக்குள் வேர் சுருண்டுபோன முற்றிய கன்றை, உயரமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கக் கூடாது. சுருண்ட வேர் பின்னால் மரத்தைப் பற்றி நிறுத்தாது. பருவமழைக்கு முன்பே கவாத்து செய்து தலைப்பாரத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கடலூரிலிருந்து தெற்கே, வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரத்தை நெருங்கும்போது உலகம் மாறிவிடுகிறது. இது காவிரிப் படுகையின் வடகோடி. கொள்ளிடம் தெற்கே ஓடுகிறது. வீராணத்து நீர் மேற்கே நிற்கிறது. நெல்லுக்கு இதைவிட உகந்த பூமி வேண்டியதில்லை. இங்கே நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவர், தாம் பலாவைக் கேட்டு வருபவர்களுக்கு முதலில் இரண்டடி உயரத்துக்கு மேடு போடச் சொல்வதாகவும், அதற்கு மனமில்லாதவர்களுக்குத் தென்னை, நாவல், பூவரசு ஆகியவற்றைக் கொடுத்தனுப்புவதாகவும் கூறினார். பூவுக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ. இவை சொற்ப கவனத்திலேயே பிழைக்கும். பெங்களூரிலிருந்து வரும் ரோஜாவோ ஒரு மாதம் பூத்துவிட்டுப் படுத்துவிடும் என்றார். தேவனாம்பட்டினம்போலக் கடலையொட்டிய இடங்களுக்கு உப்புக் காற்றே முதல் பகை. அங்கே புன்னை, அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றின் இலை நுனி கருகுவதை அவர் ஒரு தொட்டியிலேயே காட்டினார். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. காகிதப்பூ தென் அமெரிக்காவுடையது. அயல்நாட்டுச் செடி என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் தாய்நாட்டு வெயிலும் காற்றும் நம்முடையவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி.

தில்லையைக் காண வேண்டுமானால் சிதம்பரம் நகரத்தில் தேடிப் பயனில்லை. பிச்சாவரத்துக் கண்டல் காட்டுக்குப் போக வேண்டும். படகோட்டி ஒருவர் அந்த மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று எச்சரித்தார். எவ்வளவு புனிதமான விருட்சமானாலும் குழந்தைகள் ஓடியாடும் கொல்லைக்கு உகந்ததன்று. ஆனால் பிச்சாவரத்தில் தோட்டக்காரர்கள் கற்றுக்கொள்ள வேறொரு விஷயம் இருக்கிறது. பழைய காலத்தில் கண்டல் காட்டைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டி எடுத்ததால், வெயில் பட்ட சேறு உலர்ந்து அமிழ்ந்து, தொட்டிபோன்ற பள்ளங்களாயிற்று. அவற்றில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு மிகுந்துபோக, உவர்நிலத்துச் செடியான கண்டல்கூட அங்கே முளைக்க மறுத்துவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, மீன் முள்ளின் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, அலை ஏற்றத்தில் நீர் வந்து இறக்கத்தில் வடிந்து போகும்படி செய்தார்கள். அதன் பிறகே கன்றுகளை நட்டார்கள், காடு மீண்டது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் காட்டின் பின்னே இருந்த குடியிருப்புகள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. செடியைப் பற்றி யோசிக்கும் முன் நீரின் வழியைப் பற்றி யோசித்தவர்களின் காரியம் அது. என் நண்பரின் கொல்லைக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

கன்று வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது. உங்கள் கொல்லையிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். வாசலில் விலை பேசுவதோடு நில்லாமல், பந்தலுக்குள் போய் ஒட்டுக் கட்டுகிறவர்களிடம் அதைக் காட்டி, இதற்கு எது பிழைக்கும் என்று கேளுங்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது என்றும் கேளுங்கள். களிமண்ணானால் ஆடி, ஆவணியிலேயே மேடு கட்டி நட்டு, பெருமழைக்குள் வேர் பிடிக்க விடுங்கள். செம்மண்ணிலும் மணலிலும் ஐப்பசியின் முதல் மழையோடு நடலாம். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்குள் புதையாமலும், நாடா தண்டில் அழுந்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையை ஈவிரக்கமின்றிக் கிள்ளிவிடுங்கள். அதை வளரவிட்டால் நாளைக்கு உங்கள் கொல்லையில் நிற்பது நீங்கள் விரும்பி வாங்கிய மரமாக இராது.