நாற்பதாயிரத்துக்கு ஒரு பலாக்கட்டை

தவில் வாங்கப் போகிறவனோடு துணைக்கு மட்டும் போகாதீர்கள். மனைவியோடு ஜவுளிக்கடைக்குப் போவது இதற்கு எவ்வளவோ தேவலை. அங்கே உட்கார நாற்காலி போடுவார்கள். 'கலர் சாப்பிடுறீங்களா சார்?' என்று கேட்பார்கள். தவில் பட்டறையில் உட்கார இருந்த ஒரே இடத்தில் எருமைத்தோல் காய்ந்துகொண்டிருந்தது.

என் பால்ய நண்பன் ஒருவன் தவில்காரன். திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்ச். நான் பி.காம். முடித்து, நாலு கடைக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் உங்கள் பொறுமையைச் சோதிக்கிறேன். அவன் அப்பாவிடம் தவில் கற்று, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாண மண்டபங்களை அதிர வைக்கிறான்.

போன வைகாசியில் வேனிலிருந்து இறக்கும்போது தவில் கை நழுவியது. கட்டையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விரிசல்.

"ரெண்டு கல்யாணம் இரவல் தவில்ல வாசிச்சேன் மாப்ளே. வாடகை போக ஒண்ணும் நிக்கல. சத்தமும் எழும்பல. நாதஸ்வரக்காரர் வேற ஆள் பாக்குறாராம்" என்றான். ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அவனுக்கு ஒரு மாசம் அவகாசம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையில் தவில் இல்லாவிட்டால் ஆள் அவுட்.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 40 ஆயிரம் புரட்டியிருந்தான். "நீ கணக்குப் படிச்சவன். பேரம் பேச வா."

எனக்குத் தெரிந்த தவில் எல்லாம் 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் டி.எஸ். பாலையா தோளில் தொங்கியதுதான். இருந்தாலும் 'கணக்குப் படிச்சவன்' என்று ஒருத்தன் நம்பிச் சொல்லும்போது எப்படி மறுப்பது? கிளம்பினேன்.

திண்டுக்கல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம் தெரியும். ஒன்று பூட்டு, அதற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இரண்டு, சீரகச்சம்பா பிரியாணி. மூன்று, மலைக்கோட்டை. மதுரை நாயக்கர்கள் 1605-இல் கட்ட ஆரம்பித்தது. பஸ்ஸில் வரும்போதே தலையணை மாதிரி, அதாவது திண்டு மாதிரி, ஊர் நடுவில் அந்தக் கல் கிடப்பது தெரியும். நாலாவது விஷயம் மூக்குக்குத்தான் தெரியும். பேகம்பூர் தாண்டியதும் காற்று திரும்பினால் வரும் தோல் ஷாப் வாசனை. ஆட்டின் கறி பிரியாணிக்கு, தோல் ஷாப்புக்கு என்று எதையும் வீணாக்காத ஊர்.

"அப்ப தவிலுக்குத் தோல் பிரச்னையே இல்லைன்னு சொல்லு" என்றேன்.

பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது ஷூவுக்கும் பைக்கும் போற தோலு தம்பி. மருந்து போட்டுப் பதப்படுத்திட்டா மெத்துனு ஆயிரும். அடிச்சா தலைகாணிய அடிச்ச மாதிரி இருக்கும். நமக்குப் பச்சைத்தோலு வேணும். மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவிட்டு எடுக்கணும். இத்தனை தோல் ஷாப் இருக்கிற ஊர்ல நான் தோலுக்கு வெளியூர் போறேன்."

பட்டறை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. மூன்று புதுத் தவில்கள் பளபளவென்று நின்றன. பார்த்ததும் எனக்கு ஆசையாகிவிட்டது. முன்பெல்லாம் மூங்கில் வளையமும் தோல்வாரும் போட்டு இழுத்துக் கட்டுவார்கள், மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். இப்போது ஸ்டீல் பட்டை, போல்ட், நட்டு. சுருதி சேர்க்க வித்வான்கள் பையில் ஸ்பானர் வைத்திருக்கிறார்கள். அந்த இரும்பு வேலையைச் செய்து கொடுப்பவர் ஒரு காலத்தில் பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டு செய்தவராம். பார்த்தாலே தெரிந்தது, நட்டு அப்படிக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

தவிலுக்கு இரண்டு வாய். வலது கை வாசிக்கும் வலந்தலை கொஞ்சம் பெரிசு. விரல்களில் துணியும் பசையும் சேர்த்துச் செய்த கூடு மாட்டிக்கொண்டு அதில் வாசிப்பார்கள். இடது பக்கம் தொப்பி, கொஞ்சம் சின்னது. அதற்குப் பூவரசங் கம்பு. பெரிய வாயிலிருந்துதான் கட்டைக்குரல் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நேர் எதிர்! பெரிய வாயை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதால் அங்கே வருவது 'கணீர்' சத்தம். தொளதொளவென்று விட்டிருக்கும் சின்ன வாயிலிருந்துதான் அடிவயிற்றைக் கலக்கும் 'தொம்'. எங்கள் ஆபீஸிலும் இப்படித்தான். பெரிய வாய்க்காரர் மானேஜர், கீச்சுக்குரல். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஹெட்கிளார்க் ஒரு தொம் போட்டால்தான் ஃபைல் நகரும்.

புதுத் தவில் 38 ஆயிரம் என்றார். 34-க்கு இறக்கிவிட்டேன். பெருமையோடு நண்பனைப் பார்த்தால், அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு தவிலையும் மடியில் சாய்த்து வைத்துத் தட்டினான். கட்டையைச் சுற்றி அங்குலம் அங்குலமாக முட்டியால் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே காதை வைத்துக் கேட்டான். எனக்கு எல்லா 'டொக்'கும் ஒரே 'டொக்' ஆகத்தான் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மரம் இன்னும் பச்சையா இருக்குண்ணே" என்றான்.

பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா தம்பி. மறைக்கக் கூடாது. நீ ஒரு பத்து வருஷம் வாசிச்சேன்னா சரியாயிரும்."

விஷயம் இதுதான். தவில் கட்டை ஒட்டுப்பலகை கிடையாது. ஒரே பலாமரத் துண்டை உள்ளே குடைந்து எடுப்பது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷம் ஏற ஏறக் காய்ந்து, கறுத்து, பழைய வீட்டுத் தூண் நிறத்துக்கு வந்துவிடும். தோல் போனால் மாற்றலாம், போல்ட் போனால் மாற்றலாம். கட்டைதான் தவில். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, வலையப்பட்டி என்று பெயர்களைச் சொல்லும்போதே இவன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன்; கட்டை விஷயத்தில் சமாதானம் ஆகமாட்டான்.

இந்தப் பைத்தியம் நம்மூரோடு போகவில்லை. மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்களில் டபுள் பாஸ் என்று ஒன்று உண்டு. வயலினுக்குப் பெரியப்பா, ஆளை விட உயரம், நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். நாலு தந்தி. வேலை என்னவோ நம் தொப்பி செய்கிற அதே வேலைதான், அடியில் நின்று தாங்குவது. ப்ளைவுட்டில் செய்தது மலிவு. ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்களைக் கையால் செதுக்கிச் செய்தது என்றால் லட்சக்கணக்கில் போகும். அதிலும் நூறு, நூற்றைம்பது வருஷப் பழசு என்றால் காரை விற்று, கூடக் கொஞ்சம் கடனும் வாங்க வேண்டும். அங்கேயும் வாங்க வருகிறவர்கள் சொந்த வில்லைக் கையோடு கொண்டு வந்து, மணிக்கணக்கில் இழுத்துப் பார்த்து, 'மரம் இன்னும் திறக்கவில்லை' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களாம். துணைக்கு வந்த பி.காம்.கள் அங்கேயும் வாசலில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி இயந்திரங்களுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும். பழசாக ஆக விலை ஏறும் சாமானுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது?

நாங்கள் செருப்பை மாட்டும்போது பட்டறைக்காரர் கூப்பிட்டார். "வத்தலக்குண்டு தாண்டி ஒரு ஊர்ல பழைய கட்டை ஒண்ணு கிடக்கு. வாசிச்சவரு போயிச் சேந்துட்டாரு. அந்தம்மா குடுத்தாக் குடுக்கும். கட்டையைக் கொண்டாந்தா, தோலும் ஸ்டீலும் போட்டுத் தர்றேன். 15 ஆகும்." வீட்டில் 34 ஆயிரம் தவிலை நிறுத்திவைத்துக்கொண்டு வேறிடம் கைகாட்டும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. காமர்ஸ் பாடத்தில் இவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வத்தலக்குண்டு பஸ் செம்பட்டி வழியாகப் போகிறது. சமவெளி என்றால் இஸ்திரி போட்ட சமவெளி. செம்மண், தென்னை, நடுநடுவே பூந்தோட்டம். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் மல்லிகை மூட்டை ஒன்று எங்கள் பஸ்ஸிலேயே ஏறியது. தோல் ஷாப் வாசனையிலிருந்து மல்லிகை வாசனைக்கு அரைமணி நேரம்தான். எதிரே கொடைக்கானல் மலை நீலமாக எழுந்து நின்றது. நண்பன் எதையும் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டு உத்தரத்தில், வேட்டித் துணி சுற்றி, தொங்கிக்கொண்டிருந்தது அது. அந்த அம்மாளுக்கு எழுபது இருக்கும். பேரனை ஏற்றி இறக்கச் சொன்னார். தோல் எலி கடித்துக் கிழிந்திருந்தது. வார்கள் இற்றுப் போயிருந்தன. கட்டை மட்டும் கருங்காலி மாதிரி கறுத்து, கைபட்ட இடமெல்லாம் வழவழவென்று.

நான் தொழிலை ஆரம்பித்தேன். "அடியில ஒரு கீறல் இருக்கே பாட்டி?"

"அது பழனியில விழுந்தது தம்பி, பங்குனி உத்திரத்துல. அதுக்கப்புறம் முப்பது வருஷம் வாசிச்சாரு. கீறல் ஒரு நூல் கூடல."

நண்பன் பேசவே இல்லை. கிழிந்த தோலை விலக்கி, தலையைக் கட்டைக்குள் விட்டு, 'ம்ம்ம்' என்று ஒரு சுருதி பிடித்தான். அவன் நிறுத்திய பிறகும் கட்டை ஒரு விநாடி முனகியது. இந்தத் தடவை எனக்கே கேட்டது. திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது.

அப்படியே தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தான் பாருங்கள், என் பேர சாமர்த்தியம் அங்கேயே செத்தது. வாங்குகிறவன் முகத்தில் இப்படி எழுதி ஒட்டியிருந்தால் எவன் விலையைக் குறைப்பான்?

"கொடைக்கானல்ல ஹோட்டல் வச்சிருக்கிறவுக வந்தாக" என்றார் பாட்டி, என்னைப் பார்க்காமல். "நிமித்தி வச்சு, மேல கண்ணாடி போட்டு, டீப்பாய் ஆக்கப் போறாகளாம். 30 குடுக்குறேன்னாக."

எங்களிடம் கட்டைக்கு 25-தான் மிச்சம். அதற்கு மேல் பஸ் சார்ஜ்கூடக் கிடையாது. நான் பேச வாயெடுப்பதற்குள் நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். "என்கிட்ட 25-தான் ஆத்தா இருக்கு. அதுவும் சங்கிலியை வச்ச காசு."

பாட்டி கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "வாசிக்கவா?"

"வாசிக்கத்தான்."

"சரி, 25 குடு. தை மாசம் பேத்திக்குக் கல்யாணம். நீ வந்து இதுலயே வாசிக்கணும். காசு கேக்கக் கூடாது."

நண்பன் சடாரென்று காலில் விழுந்துவிட்டான். எனக்கும் கண் கலங்கியது. 'ஜி-பே பண்ணட்டுமா?' என்றதற்கு, 'அதெல்லாம் பேரன் போனு. எனக்கு ரூவாயா எண்ணி வைய்யி' என்றார். எண்ணி வைத்தோம். அவரும் ஒரு தடவை எண்ணினார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "என்னய்யா, உரலா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். நண்பன் கட்டையை மடியைவிட்டு இறக்கவில்லை. செம்பட்டி தாண்டியதும் சும்மா இருக்காமல் அவனைக் கேட்டேன்: "ஒரு கல்யாணத்துக்கு உன் பங்கு எவ்வளவுடா வரும்?"

"நல்ல இடமா இருந்தா ஒரு அஞ்சாயிரம்."

25-ம் 5-ம் 30. டீப்பாய்க்காரன் சொன்ன விலை. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை! பி.காம். படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கணக்கை நேர் செய்துவிட்டுத்தான் பாட்டி வெற்றிலையைத் துப்பியிருக்கிறார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பட்டறையில் தவில் தயார். அன்று சாயங்காலம் அங்கேயே வாசித்துப் பார்த்தான். தொப்பியில் விழுந்த முதல் அடி என் நெஞ்சுக்குள் கேட்டது. பட்டறைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டிக் கணக்கு என் பொறுப்பு.

தை மாசக் கல்யாணத்துக்கு எனக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார் பாட்டி. மொய் எவ்வளவு எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.