துருக்கியில் ஆசை வரும் விதம்

துருக்கி மொழியில் 'உயுமாக் இஸ்தியோரும்' என்றால் தூங்க விரும்புகிறேன். முடிவு என்னுடையது. கண் சொக்கினால் சொல்வது வேறு: 'உயுயாஸிம் கெல்தி'. வினையடியோடு 'ஆஸி' விகுதி, அதன்மேல் 'என்' என்று காட்டும் 'ம்', பிறகு 'வந்தது' என்ற வினை. தூங்கும் உந்துதல்தான் எழுவாய், நான் இல்லை. நமக்கு அழுகை வருவதும் சிரிப்பு வருவதும் இப்படித்தானே!

போக மனமே இல்லையா? 'கிதெஸிம் யோக்'. உயிரொலி இசைவால் 'ஆஸி' இங்கே 'எஸி' ஆகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேநீர் ஆசைதான்: 'ஜானிம் சாய் இஸ்தியோர்'. தேநீர் கேட்பது என் உயிராம்! (நாமோ பாவம், நாக்கின் மேல் பழி போடுவோம்.)

துருக்கி படிக்கிறவர்களே, 'இஸ்தெமெக்' (விரும்புதல்) வினையோடு நின்றுவிடாதீர்கள். இந்த 'ஆஸி'யையும் பழகுங்கள், பேச்சில் சர்வசாதாரணமாக வரும்.